சாப்பிடுவதே மலைப்பாக இருக்கும் நாட்களில்: தன்பரிவு ஓர் அறிமுகம்

தோசை சுட்டுச் சாப்பிடுவது எத்தனை வேலை? வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். உள்ளே இறங்கிப் பாருங்கள். மாவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் புளித்துப் பொங்கியிருக்கிறதா என்று முகர வேண்டும். நேற்று ராத்திரித் தட்டும் கரண்டியும் சிங்க்கில் காய்ந்து கிடக்கும், அவற்றைக் கழுவ வேண்டும். தொட்டுக்கொள்ள என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். சட்னி என்றால் தேங்காய், மிக்ஸி ஜார், தாளிப்பு. அப்புறம் அடுப்படியில் நின்றபடி ஒவ்வொன்றாகச் சுட வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் மறுபடி பாத்திரம். இதெல்லாம் முடிந்து சற்று உட்கார்ந்தால் அடுத்த வேளை வந்து நிற்கும்.

உடம்பும் மனசும் சரியாக இருக்கும்போது இந்தச் சங்கிலி கண்ணுக்கே தெரியாது. கை தானாகச் செய்யும். ஆனால் துக்க வீட்டுக்குப் பிந்தைய வாரங்களில், காய்ச்சல் விட்ட பிறகு வரும் சோர்வில், மனச்சோர்வில், கைக்குழந்தையோடு தூக்கமில்லாத மாதங்களில், புது ஊரில் தனி அறையில் ஆரம்பிக்கும் புது வேலையில், ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகக் கனக்கும். ஃபிரிட்ஜைத் திறந்து, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். வீட்டில் பொருள் இருக்கும், கையில் காசும் இருக்கும். ஆனாலும் சாப்பிட முடியாது.

எதை முதலில் செய்வது, எப்போது தொடங்குவது, நடுவில் விட்டுவிடாமல் எப்படி முடிப்பது என்பதையெல்லாம் கவனித்துக்கொள்வதில் மூளையின் முன்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, கவனக்குறைபாடு எனப்படும் ஏடிஹெச்டி ஆகிய எல்லாமே இந்தத் திறமைகளில் கை வைக்கக்கூடியவை. அதனால்தான் அலுவலகத்தில் பெரிய கணக்கைப் போட்டு முடித்தவரால் வீட்டுக்கு வந்து ஒரு முட்டையை வேகவைக்க முடியாமல் போகிறது. அங்கே வேலையைப் பகுத்துக் கொடுக்க ஆள் இருந்தார், கெடு இருந்தது. இங்கே பகுப்பதும் அவரேதான், கெடு வைப்பதும் அவரேதான்.

இதில் ஒரு சுழலும் இருக்கிறது. சாப்பிடாததால் தெம்பு குறைகிறது, தெம்பு குறைந்ததால் சாப்பிட முடியவில்லை. மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 45 ஆண்டுகளில் ஆன்செல் கீஸ் என்பவர் நடத்திய ஓர் ஆய்வு இந்த விஷயத்தில் பிரசித்தம். போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைவயிற்றோடு இருந்தார்கள். எடை குறைந்தது எதிர்பார்த்ததுதான். அதைவிட முக்கியம், அவர்களுடைய மனசுக்கு நேர்ந்தது: எரிச்சல், சோர்வு, எதிலும் நாட்டமின்மை, யாரோடும் பேசப் பிடிக்காமை, நாள் முழுக்க உணவைப் பற்றிய நினைப்பு. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். அந்தப் பத்தில் 'எழுந்து போய்ச் சமைக்கும் முனைப்பு' என்பதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தச் சுழலுக்கு மேல் இன்னொன்றும் ஏறி உட்காரும். அது திட்டு. வெளியிலிருந்து யாரும் திட்ட வேண்டியதில்லை, நாமே பார்த்துக்கொள்வோம். 'ஒரு சோறு வடிச்சுத் திங்க வக்கில்லை', 'இந்த வயசுல அம்மா மூணு பிள்ளையை வளர்த்தா', 'சோத்துக்கில்லாம எத்தனையோ பேர் இருக்காங்க, உனக்கு இருந்தும் திங்க முடியலையா'. இப்படித் திட்டிக்கொண்டால் உறைத்து எழுந்துவிடுவோம் என்று ஒரு நம்பிக்கை. தன்பரிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் கைவைப்பது இந்த நம்பிக்கையில்தான்.

தன்பரிவு என்றால்

நம் நெருங்கியவர் ஒருவர் கஷ்டப்படும்போது அவரிடம் எப்படி நடந்துகொள்வோமோ, அதேபோல நம்மிடமும் நடந்துகொள்வது. அவ்வளவுதான் சாரம். புத்தமதத்தில் மைத்ரி, கருணை என்று நெடுங்காலமாகப் பேசப்பட்டுவரும் இந்த எண்ணத்தை நவீன உளவியலின் அளவுகோலுக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் நெஃப். 2003-ல் அவர் வெளியிட்ட கட்டுரைகளில் தன்பரிவுக்கு மூன்று பகுதிகள் உண்டு என்றார். தன்னைக் கடிந்துகொள்வதற்குப் பதிலாகக் கனிவு; 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்பதற்குப் பதிலாக, மனுஷராகப் பிறந்த எல்லாருக்கும் இது உண்டு என்ற உணர்வு; கஷ்டத்தை மறைக்காமலும் அதிலேயே மூழ்காமலும், இருப்பதை இருப்பதாகப் பார்க்கும் கவனம்.

திட்டு ஏன் வேலைக்கு ஆவதில்லை என்பதற்கு பிரிட்டன் உளவியலாளர் பால் கில்பர்ட் சொல்லும் விளக்கம் எனக்குப் பிடித்தமானது. நம் உணர்ச்சிகளை மூன்று அமைப்புகளாகப் பிரிக்கிறார் அவர். ஆபத்தைக் கண்டால் எழுவது ஒன்று, எதையாவது அடையத் துரத்துவது இன்னொன்று, அமைதியும் பாதுகாப்பும் தருவது மூன்றாவது. நம்மை நாமே வைதுகொள்ளும்போது உடம்பு அதை வெளியாள் ஒருவர் மிரட்டுவதுபோலத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆபத்து அமைப்பு முடுக்கிவிடப்படுகிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, வயிறு இறுகுகிறது. புலி துரத்தும்போது யாருக்கும் பசிக்காது. சாப்பிட வைக்கத்தான் திட்டினோம், அந்தத் திட்டே பசியை அடைத்துவிட்டது.

கனிவு என்ற முதல் பகுதியைப் பலர் இனிமையாகப் பேசிக்கொள்வது என்று புரிந்துகொள்கிறார்கள். கண்ணாடி முன் நின்று 'நான் அன்புக்குரியவன்' என்று சொல்வது நம்மில் பலருக்கு ஒட்டாது, சிரிப்புதான் வரும். ஒட்டாவிட்டால் விட்டுவிடலாம், அது கட்டாயமில்லை. ஊரிலிருந்து தங்கை போன் செய்து, "அக்கா, காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல, எழுந்திரிக்கவே முடியல" என்று சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "ஏன்டி, உனக்கென்ன கேடு" என்று ஆரம்பித்தாலும், அடுத்த வாக்கியம் "சரி விடு, தயிர் இருக்கா? அவல் இருக்கா? ரெண்டையும் கலந்து உப்பு போட்டு நாலு வாய் போட்டுக்கோ, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றுதான் இருக்கும். கவனியுங்கள், அதில் பாராட்டும் இல்லை, தத்துவமும் இல்லை. நிலைமையை ஒப்புக்கொண்டு, அடுத்த சின்ன அடியைக் காட்டுகிறது. அந்த இரண்டாவது வாக்கியத்தை உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதுதான் தன்பரிவு. அன்பாக உணர்ந்துவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்றில்லை. செய்தால் போதும்.

எனக்கு மட்டும்தானா?

மூன்று பகுதிகளில் நமக்குக் கடினமானது இரண்டாவது என்று நினைக்கிறேன். காரணம் நம் பண்பாட்டிலேயே இருக்கிறது. பிறருக்குச் சோறு போடுவதை இவ்வளவு உயர்த்திப் பேசும் நாம், தனக்குத் தானே போட்டுக்கொள்வதைப் பற்றிப் பேசியதே குறைவு. விருந்தாளிக்கு இலை போட்டுப் பரிமாறுவோம். தனியாள் என்றால் 'ஒரு ஆளுக்கு என்னத்த சமைக்கிறது' என்ற பேச்சு. ஒரு ஆளும் ஆள்தானே.

வீடு நிறைய ஆள் இருந்தாலும் இது தீர்வதில்லை. எல்லாருக்கும் டிபன் கட்டிக்கொடுத்து, எல்லாருக்கும் பரிமாறி, மதியம் மூணு மணிக்குக் குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து நின்றபடி சாப்பிடும் அம்மாக்களை நமக்குத் தெரியும். காலையில் மிஞ்சிய ரெண்டு இட்லிதான் அவர்களுக்கு எப்போதும். வீட்டில் வேறு யாரும் இல்லாத நாளில் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள், காபியோடு சரி. நாற்பது வருஷம் சமைத்தவர் கணவர் இறந்த பிறகு சமைப்பதையே விட்டுவிடுவதும் உண்டு. பக்கத்தில் இருப்பவர்கள் 'சமைக்கத் தெரியாதா என்ன' என்று ஆச்சரியப்படுவார்கள். தெரிவது வேறு, தனக்காக மட்டும் எழுந்து போவது வேறு.

இன்னொரு பக்கம், மேன்ஷன் அறையிலும் ஐடி கம்பெனிப் பக்கத்து பிஜியிலும் இருக்கும் பிள்ளைகள். அம்மா ராத்திரி போன் செய்து "சாப்டியாப்பா?" என்பார். "சாப்டேன்மா." ஒரே சொல்லில் விஷயம் முடிந்தது. நம் ஊரில் மிக அதிகமாகச் சொல்லப்படும் பொய் இதுவாகத்தான் இருக்கும். எல்லாரும் இதைச் சொல்வதால்தான் மற்ற எல்லாரும் ஒழுங்காகச் சாப்பிடுவதுபோலவும் நாம் மட்டும் தவறிவிட்டதுபோலவும் தோன்றுகிறது. கனடாவிலோ லண்டனிலோ குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், இரண்டு ஷிஃப்ட் முடித்து வந்து பிஸ்கட்டோடு படுக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் அதையேதான் அம்மாவிடம் சொல்லியிருக்கும்.

இது தெரிந்தால் வயிறு நிறைந்துவிடாது. ஆனால் வெட்கம் குறையும். வெட்கம் குறைந்தால் பக்கத்து அறைக்காரரிடம் 'எனக்கும் ஒரு பார்சல் வாங்கிட்டு வர்றியா' என்று கேட்க வாய் வரும். நடைமுறையில் இந்த இரண்டாவது பகுதியின் பலன் அதுதான்.

பசியைக் கவனிப்பது

'பசித்துப் புசி' என்பது நல்ல அறிவுரை. பசி ஒழுங்காகத் தெரியும் ஆளுக்கு. மன அழுத்தத்தில் பசியின் சமிக்ஞை மங்கிவிடலாம். மனச்சோர்வில் சிலருக்குப் பசி அடங்கிவிடும், சிலருக்கு அடங்காத பசி வரும். ஏடிஹெச்டிக்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட் போன்ற மருந்துகள் பகலில் பசியைக் குறைக்கும். ஆட்டிச நிலையில் உள்ளவர்களில் பலருக்கு உடம்பின் உள்ளிருந்து வரும் செய்திகளே தெளிவாகக் கேட்பதில்லை. இப்படிப்பட்டவர்கள் வயிறு கூப்பிடட்டும் என்று காத்திருந்தால் சாயங்காலம் ஆகிவிடும். அதற்குள் தலைவலியும் கைநடுக்கமும் காரணமில்லாத கோபமும் வந்திருக்கும்.

ஆகவே மூன்றாவது பகுதியான கவனத்தை இங்கே வேறு மாதிரிப் பயன்படுத்த வேண்டும். வயிற்றைக் கேட்காமல் கடிகாரத்தைக் கேட்பது. கடைசியாக எப்போது சாப்பிட்டேன்? நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதா? எரிச்சலாக இருக்கிறதா, அழுகை வருகிறதா, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேனா? இருந்தால், வாழ்க்கையைப் பற்றிப் பெரிய முடிவு எதுவும் எடுப்பதற்கு முன்னால் ஒரு வாழைப்பழம். போனில் அலாரம் வைத்துக்கொள்வதும் இதில் சேர்த்திதான். அலாரம் வைத்துச் சாப்பிடுவது அவமானம் என்று நினைப்பவர்கள் மாத்திரைக்கு அலாரம் வைக்கத் தயங்குவதில்லை.

கூடவே, மனசில் ஓடும் வாக்கியத்தைச் சற்று மாற்றிப் பார்க்கலாம். 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று ஓடினால், 'இன்றைக்கு எழுந்து சமைக்கத் தெம்பில்லை' என்று. முதலாவது ஒரு தீர்ப்பு, அதன்மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவது ஒரு தகவல். அதற்குத் தக்கபடி ஏற்பாடு செய்யலாம்.

இப்படி விட்டால் சோம்பேறி ஆகிவிட மாட்டோமா?

இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. நமக்கு நாமே செல்லம் கொடுத்தால் கெட்டுப்போவோம் என்ற பயம். இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்திருக்கிறார்கள். 2012-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் மாணவர்களுக்குக் கடினமான தேர்வு ஒன்றை வைத்தார்கள். சரியாகச் செய்யாதது குறித்துத் தன்னிடம் பரிவோடு இருக்கும்படி ஒரு பகுதியினரிடம் சொன்னார்கள். அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தவர்கள் அவர்களே.

உணவுக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு 2007-ல் வந்தது. கிளேர் ஆடம்ஸ், மார்க் லியரி என்ற இருவர் நடத்தியது. கல்லூரிப் பெண்களுக்கு டோனட் கொடுத்துச் சாப்பிடச் சொன்னார்கள். பிறகு சிலரிடம் மட்டும், 'இந்த மாதிரிப் பண்டங்களை எல்லாரும்தான் சாப்பிடுகிறார்கள், இதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள்' என்ற பொருளில் பேசினார்கள். அடுத்து மிட்டாய்களை ருசி பார்க்கச் சொல்லி முன்னால் வைத்தார்கள். எப்போதும் உணவைக் கட்டுப்படுத்திக்கொண்டே இருக்கும் பழக்கமுள்ள பெண்களில், அந்த ஆறுதல் பேச்சைக் கேட்டவர்கள் குறைவாகவும் கேட்காதவர்கள் அதிகமாகவும் சாப்பிட்டார்கள். குற்ற உணர்வு கையைக் கட்டவில்லை. 'எப்படியும் கெடுத்தாச்சு, இனி என்ன' என்று அவிழ்த்துவிட்டது. நாள் முழுக்கப் பட்டினி கிடந்து ராத்திரி பதினொரு மணிக்கு ஆன்லைனில் பிரியாணி ஆர்டர் போட்டு, அதற்கும் சேர்த்துத் தன்னைத் திட்டிக்கொள்பவர்களுக்கு இந்த இடம் புரியும்.

ஓர் எச்சரிக்கை. இது ஒரு ஆய்வு, ஒரு நேரத்துப் பண்டம். தன்பரிவு எடை குறைக்கும் உத்தி என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

எது சாப்பாடு?

நடைமுறைக்கு வருவோம். அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் 2007-ல் உணவுத் தேவைகளை ஒரு படிவரிசையாக வைத்தார். எல்லாவற்றுக்கும் அடியில், போதுமான அளவு சாப்பாடு. அதற்கு மேல், மனசு ஏற்கும் சாப்பாடு. அப்புறம் அடுத்த வேளைக்கும் கிடைக்கும் என்ற நிச்சயம். அதற்கு மேல்தான் ருசி, பிறகு புதுப் பண்டங்களைச் சாப்பிட்டுப் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் உச்சியில் ஆரோக்கியம் போன்ற காரணங்களுக்காகத் தேர்ந்தெடுத்துச் சாப்பிடுவது. கீழ்ப்படி உறுதியாகாமல் மேல்படியில் கால் வைக்க முடியாது என்பது அவருடைய கருத்து.

நாம் என்ன செய்கிறோம்? அடிப்படியிலேயே தடுமாறிக்கொண்டிருக்கும் ஆளிடம் உச்சிப்படியைப் பற்றிப் பேசுகிறோம். சிறுதானியம் சேர், எண்ணெயைக் குறை, கீரை வாரம் மூணு நாள். வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் இதுதான். நல்ல விஷயங்கள்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் ரெண்டு நாளாக டீயில் ஓட்டுகிறவருக்கு இன்றைய தேவை கீரை அல்ல, கலோரி. இன்றைக்கு நாலு துண்டு பிரெட்டும் ஜாமும் சாப்பிட்டவர், பிரெட் மைதாதானே என்று சாப்பிடாமல் படுத்தவரைவிட நன்றாகவே தன்னைக் கவனித்துக்கொண்டார்.

எனவே சமைத்தால்தான் சாப்பாடு, சூடாக இருந்தால்தான் சாப்பாடு, குழம்பு ரசம் பொரியல் இருந்தால்தான் சாப்பாடு என்ற விதிகளைக் கொஞ்ச காலத்துக்குத் தள்ளிவைக்கலாம். தெம்புள்ள நாளில், தெம்பில்லாத நாளுக்காக அலமாரியில் ஒரு தட்டை ஒதுக்கி வையுங்கள். அடுப்பே தேவையில்லாதவை அதில் இருக்கட்டும். மெல்லிய அவல் இருந்தால் தண்ணீர் தெளித்துச் சில நிமிஷத்தில் ஊறிவிடும். தயிரும் உப்பும் ஊறுகாயும் போதும், இல்லாவிட்டால் வெல்லமும் தேங்காயும். பொட்டுக்கடலையும் வறுத்த வேர்க்கடலையும் பசியை நன்றாகத் தாங்கும். முப்பது கிராம் வேர்க்கடலையில் ஏழு கிராமுக்கு மேல் புரதம் உண்டு, ஒரு முட்டையில் இருப்பதைவிடச் சற்று அதிகம். கடலைமிட்டாய், பேரீச்சை, பால் பவுடர், பிரெட், வாழைப்பழம். இவற்றைச் சாப்பிட்டால் கழுவ வேண்டியது ஒரு கிண்ணம், சில சமயம் அதுவும் இல்லை.

பாத்திரம் கழுவுவதுதான் உங்களைத் தடுக்கிறது என்றால் அந்தக் கண்ணியையே வெட்டிவிடலாம். பாக்குமட்டைத் தட்டு வாங்கி வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. எழுந்து போவதுதான் தடை என்றால் தண்ணீர் பாட்டிலும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். என்ன சாப்பிடுவது என்று முடிவெடுப்பதுதான் தடை என்றால், ஒரு வாரம் முழுக்கக் காலையில் ஒரே பண்டம். சலிப்புதான், இருந்தாலும் யோசிக்க வேண்டியதில்லை. எந்தக் கண்ணியில் நின்றுபோகிறோம் என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை, அது ஆளுக்கு ஆள் மாறும்.

அடுப்பருகே நிற்க ஓரளவு முடிகிற நாட்களுக்கு எலெக்ட்ரிக் குக்கர் பெரிய துணை. அரிசி, பாசிப்பருப்பு, உப்பு, மஞ்சள்தூள், கொஞ்சம் நெய், எல்லாம் ஒன்றாகப் போட்டு மூடிவிட்டுப் போய்ப் படுக்கலாம். நேரமானால் அதுவே நின்றுகொள்ளும். பருப்புப்பொடியோ புளிக்காய்ச்சலோ கையிருப்பில் இருந்தால் வெறும் சோறு ஒரு சாப்பாடாகிவிடும். கடையில் விற்கும் மாவு பாக்கெட்டை ஏளனமாகப் பார்க்கும் மாமியார்களை இந்தக் கட்டுரை எதிர்த்துப் பேசாது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லும். மிஞ்சிய சோற்றை மட்டும் வெளியே விட்டுவைக்காமல் சீக்கிரமே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இருக்கும் சோர்வு போதும், வயிற்றுப்போக்கு வேறு வேண்டாம்.

வெளியே வாங்கிச் சாப்பிடுவதும் தன்னைக் கவனித்துக்கொள்வதுதான். தினமும் ஆன்லைனில் வாங்கக் காசு கட்டாது என்பது உண்மை. மாதக் கணக்கு வைத்துக்கொள்ளும் மெஸ்கள் இதற்குத்தான் இருக்கின்றன. சென்னையில் 2013-ல் அம்மா உணவகங்கள் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், தயிர் சாதம் மூன்று, சாம்பார் சாதம் ஐந்து என்று விலை வைத்தார்கள். ஏழைகளுக்கான இடம் என்று ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு. சமைக்கத் தெம்பில்லாதவரும் ஒருவகையில் இல்லாதவர்தான். வரிசையில் நிற்கலாம்.

மருத்துவரிடம் எப்போது?

தன்பரிவு மருத்துவத்துக்கு மாற்று இல்லை. காரணம் தெரியாமல் எடை குறைந்துகொண்டே போனால், இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருந்தால், விழுங்குவதில் சிரமமோ தொடர்ந்து குமட்டலோ இருந்தால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும்கூட இப்படிப் படுக்கையில் தள்ளும், சாதாரண ரத்தப் பரிசோதனையில் அவை தெரிந்துவிடும். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பிடாமல் இருப்பது, அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது போன்றவை தனி நோய்கள். அவற்றுக்கு மனநல மருத்துவரின் சிகிச்சை தேவை, அலமாரித் தட்டு போதாது. பல நாள் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவர் திடீரென்று நிறையச் சாப்பிட ஆரம்பிப்பதும் ஆபத்தாகலாம், ரத்தத்தில் உப்புகளின் அளவு தாறுமாறாகும். அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதே சரி.

சர்க்கரை நோயாளிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் விட்டால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். ஒழுங்காகச் சாப்பிட முடியாத நாட்கள் வருகின்றன என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், அதற்கேற்ப மருந்தை அவர் மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பேச ஆள் வேண்டுமென்றால் இந்தியாவில் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. 'சாப்பிட முடியவில்லை' என்பது போன் செய்யுமளவு பெரிய காரணமா என்று தயங்க வேண்டாம். பெரிய காரணம்தான்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு

இப்படி ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், 'சாப்டியா?' என்ற கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். அதற்குப் பதில் ஒன்றுதான் வரும். 'என்ன வேணும்னு சொல்லு, வாங்கிட்டு வரேன்' என்பதும் உதவாது, முடிவெடுக்கும் வேலையை மறுபடி அவர் தலையிலேயே வைக்கிறது. 'ஏழு மணிக்கு அந்தப் பக்கம் வர்றேன், இட்லியா பொங்கலா?' என்று கேட்கலாம். ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட முடியும். பதிலே வராவிட்டாலும் இட்லியோடு போய் நிற்கலாம். போன இடத்தில் 'இப்படி இளைச்சுப் போயிட்டியே' என்று ஆரம்பிக்காமல், கூட உட்கார்ந்து நீங்களும் ரெண்டு இட்லி சாப்பிடுங்கள். தனியாக இறங்காத சோறு பேச்சுத்துணையோடு பலருக்கு இறங்கிவிடும்.

வீட்டிலிருந்து செய்து எடுத்துப் போவதென்றால் நல்ல எவர்சில்வர் டப்பாவில் கொடுக்காதீர்கள். அதைக் கழுவ வேண்டும், வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று அதில் போட்டுத் தர ஏதாவது தேட வேண்டும், நினைவு வைத்துக் கொண்டுவந்து தர வேண்டும். ஏற்கெனவே சிங்க் நிறைந்திருக்கும் ஆளுக்கு அது இன்னும் மூன்று வேலை. ஹோட்டல் பார்சல் டப்பாவில் போட்டுக் கொடுத்து, சாப்பிட்டதும் தூக்கிப்போட்டுவிடச் சொல்லுங்கள்.